கோலி கையில் எண்ணெய்

பண்ருட்டியில் எங்கள் காலத்தில் வெளியூர் மேட்ச் என்ன ஆச்சு என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நெய்வேலியிலிருந்து வரும் ராத்திரி பஸ் நான்கு முனை சந்திப்பில் நின்றதும், டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் தலையைத் திருப்பிப் பந்து யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். சென்டர் ஃபார்வர்டு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகக் குதித்தால் ஜெயம். பந்து பி.டி. வாத்தியாரின் ரெக்ஸின் பைக்குள் போயிருந்து, பையன்கள் பின்வாசல் வழியாக, ஒருவரை ஒருவர் தெரியாதவர்களாக இறங்கினால் தோல்வி. டிராவுக்கு அடையாளம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. டிரா செய்கிற அளவுக்கு எங்களிடம் கட்டுப்பாடு இருந்ததில்லை.

பெரும்பாலும் பின்வாசல்தான்.

தென்னாற்காடு மாவட்டம் இன்னும் பிரியாத நாட்கள், 1980களின் நடுப்பகுதி. அணியில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துப் பையன்கள், பாதிப் பேர் பலா மண்டியிலும் முந்திரிக் கம்பெனியிலும் வேலை பார்த்த வாலிபர்கள். கோடை விடுமுறையில் நெய்வேலி, கடலூர், சிதம்பரம் என்று எந்த ஊர்ச் சுவரில் டோர்னமென்ட் நோட்டீஸ் ஒட்டினாலும் நுழைவுக் கட்டணம் கட்டிவிடுவார்கள். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்ப எதற்கு இந்தச் செலவு என்று வீட்டில் கேட்டால், 'அனுபவம்' என்பார்கள். அனுபவத்துக்குக் குறைவே இல்லை. கோல்தான் கொஞ்சம் குறைவு.

நான் ஆடியவன் இல்லை. தண்ணீர்க் குடத்துக்கும் பந்துக்கும் பொறுப்பாளி. பந்து என்றால் இன்று கடையில் வலைப்பையில் தொங்கும் சரக்கு அல்ல. தோல் உறை தனி, உள்ளே ரப்பர் பிளாடர் தனி. பிளாடரில் காற்றடித்து, கழுத்தை மடித்து நூலால் இறுக்கிக் கட்டி, உறைக்குள் செருகி, வாயைத் தோல் வாரால் கோத்து முடிய வேண்டும். முடிச்சு மேடு தட்டி நிற்கும். தலையால் முட்டும்போது அந்தப் பக்கம் பட்டால் மறுநாள் வரை நெற்றியில் தடம் இருக்கும். எங்கள் ஃபார்வர்டுகள் ஹெட்டிங்கைத் தவிர்த்ததற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமல்ல.

மேட்சுக்கு முதல் நாள் சாயங்காலம் பிளாடரை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போவேன். கடைக்காரர் அதைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். குமிழி கிளம்பும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டே வெளியே எடுத்துத் துடைத்து, வட்டம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஊதுவார். பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒட்டை வைத்துச் சுத்தியல் பிடியால் நாலு தட்டு. இத்தனைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டார். கையில் கொடுக்கும்போதுதான் கேட்பார்.

"நாளைக்கு எந்த ஊரு?"

"சிதம்பரம் அண்ணே."

"சரி, எடுத்துட்டுப் போ. அஞ்சு கோலு வரைக்கும் தாங்கும்."

அந்த அஞ்சும் எந்தப் பக்கம் விழும் என்று அவருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

தோற்று வந்த ராத்திரியே விசாரணை தொடங்கிவிடும். மண்டிக் கணக்குப்பிள்ளை, தையல்காரர், ஓய்வு பெற்ற ரயில்வே கேங்மேன் ஒருவர், இன்னும் இரண்டு மூன்று பேர். ஒருவரும் மேட்சைப் பார்த்தவரில்லை. பார்த்தவன் நான், என்னை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு தடவை நானாக வாயைத் திறந்து, அவர்கள் நம்மை விட நன்றாக ஆடினார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேங்மேன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சின்னப் பையன். அவனுக்கு இன்னா தெரியும்" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

காரணங்களில் தலைமைக் காரணம் பலாப்பழம். கோடை டோர்னமென்ட்டும் பலா சீசனும் ஒரே சமயத்தில் வரும். எங்கள் கோலிக்கு மண்டியில் வேலை. பழம் அறுக்கும்போது பால் கையில் ஒட்டாமலிருக்க முழங்கை வரை எண்ணெய் பூசிக்கொள்வது வழக்கம். அதை வைத்து ஒரு வழக்கே நடக்கும்.

"காத்தால பழம் அறுத்தானா?"

"அறுத்தான் மாமா. ரெண்டு வண்டி லோடு."

"எண்ணெ தடவினானா?"

"தடவாம எப்பிடி அறுப்பான்?"

"அப்புறம் பந்து எப்பிடிடா கையில நிக்கும்? சோப்பு போட்டு கழுவினானா கேளு."

கோலி பாவம், ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருப்பான். சோப்புப் போட்டுக் கழுவியதாகவும், அதற்கு மேல் சீயக்காய் போட்டதாகவும் சொல்வான். எடுபடாது. எண்ணெய் என்ற தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏழு கோல் வாங்கியவனைப் பார்த்து உனக்கு ஆடத் தெரியவில்லை என்று அந்த பெஞ்சில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. குற்றம் எண்ணெயுடையது.

அடுத்த காரணம் புல். பண்ருட்டிச் செம்மண்ணில் பந்து ஒரு மாதிரி எகிறும், அதற்கு எங்கள் கால் பழகியிருந்தது. நெய்வேலி டவுன்ஷிப் மைதானத்தில் புல். பந்து உருண்டு சரியாகக் காலுக்கே வந்து சேரும். இது எங்கள் பையன்களைக் குழப்பியது. நெய்வேலிப் பையன்கள் ஸ்டட் வைத்த பூட்ஸ் போட்டு ஆடுவார்கள். எங்களில் பாதிப் பேருக்கு வெறுங்கால். ஷின் பேடுக்கு நோட்டு அட்டையை மடித்து சாக்ஸுக்குள் செருகிக்கொள்வார்கள், சாக்ஸ் இருந்தவர்கள். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் புல் இல்லை. ஆனால் அங்கே கடல் காற்று உண்டு, அது இரண்டு பாதியிலும் எதிர்க்காற்றாகவே வீசியது என்று கணக்குப்பிள்ளை கடைசி வரை நம்பினார். ஹாஃப் டைமில் பக்கம் மாறுவார்கள் என்பதை அவரிடம் யார் சொல்வது?

ஆஃப்சைடு விதியை பெஞ்சு ஏற்கவில்லை. "பந்துக்கு முன்னாடி போயி நிக்கறது சாமர்த்தியம். அதுக்குப் போயி விசில் ஊதறானே" என்பார் தையல்காரர். ஒரு ஊரில், பேர் வேண்டாம், ரெஃப்ரியே எதிரணி வாத்தியார். எதிரணி லெஃப்ட் பேக்கின் மகன் எல்லைக்கோட்டருகே நின்று 'அப்பா, அப்பா' என்று கத்திக்கொண்டிருந்தான். அது பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி.

1986 ஜூனில் தூர்தர்ஷன் புண்ணியத்தில் உலகக் கோப்பை வந்தது. மண்டி முதலாளி வீட்டு டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டிப் போட்ட கோலைப் பற்றி உலகமே வாதாடியது. எங்கள் பெஞ்சில் வாதம் வேறு. அவ்வளவு பெரிய இங்கிலாந்து கோலி, கையை ஓங்கிக்கொண்டு வந்தும் பந்தை விட்டுவிட்டானே, அவன் காலையில் என்ன வேலை பார்த்திருப்பான்?

பிழைப்புக்காக ஊரை விட்டுப் போய், ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தபோது டீக்கடை பெஞ்சு இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை. வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, உள்ளே சுவரில் அகலமான திரை, எல்லாருக்கும் முன்னால் எல்லாம் தெரிந்த கடைக்காரத் தம்பி. எங்கள் அந்த நாள் கோலி இப்போது மண்டிக்குச் சொந்தக்காரர், எல்லாருக்கும் மாமா. கேங்மேனின் பேரன் பொறியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். பேச்சு என்னவோ அதே பேச்சு. உள்ளூர் அணி எப்போது கலைந்தது என்று யாருக்கும் நினைவில்லை. இப்போது தோற்பது சென்னையின் எஃப்.சி.

பண்ருட்டிக்கும் சென்னைக்கும் என்ன உறவு? நூற்றெழுபது எண்பது கிலோமீட்டர் தூரத்து உறவு. சென்னை அணி சொந்த மைதானத்தில் ஆடினாலும் எங்களுக்கு அது வெளியூர் மேட்ச்தான். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது அபிஷேக் பச்சனும் தோனியும் சேர்ந்து வாங்கிய அணி என்று சேதி வந்தது. தோனி இருக்கிறார் என்றதும் ஊரே சேர்ந்துகொண்டது. சிக்கல் சட்டையில் வந்தது. கிரிக்கெட்டில் மஞ்சள் நம் நிறம். இங்கே நமக்கு நீலம், மஞ்சள் போட்டு வருவது கேரளா பிளாஸ்டர்ஸ். மஞ்சளைப் பார்த்துப் பல்லைக் கடிக்க மாமாவுக்கு இரண்டு சீசன் ஆனதாம்.

முதல் வருஷமே மார்கோ மேட்டராஸி பயிற்சியாளர். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதானிடம் நெஞ்சில் முட்டு வாங்கிய ஆள் நம் அணிக்குக் கோச் என்பதில் கடை வாசலில் பெருமை தாங்கவில்லை. எலானோ எட்டு கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். பட்டியலில் முதலிடம். அரையிறுதிக்குக் கொச்சி போனார்கள், மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். திரும்பி வந்து சென்னையில் மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்தார்கள். கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது ஸ்டீபன் பியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கோல் போட்டுக் கேரளாவை இறுதிக்குக் கூட்டிப்போனார். அந்த ராத்திரி மாமா கடையில் சொன்ன தீர்ப்பு இப்போதும் மேற்கோள் காட்டப்படுகிறது. "இங்க தோக்கல. கொச்சியில தோத்தது. மூணு கோலு கடன் வாங்கிட்டு வந்தா வட்டி கட்டணும்ல?"

இந்த அணி வெளியூரில் தேறாது என்பது அன்றிலிருந்து கடை வாசலின் வேதவாக்கு. அதை அசைக்க உண்மைகளாலும் முடியவில்லை. சென்னையின் எஃப்.சி. இதுவரை வாங்கிய இரண்டு கோப்பையும் எதிராளியின் வீட்டுக்குள் புகுந்து எடுத்தவை. 2015 மழையில் வெள்ளம் முதலில் எங்கள் மாவட்டத்தை அடித்தது, பிறகு சென்னையை மூழ்கடித்தது. நேரு ஸ்டேடியத்தில் ஆட வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போயிற்று. சொந்த ஊரில் கால் வைக்க முடியாத அணி புனேயில் கொல்கத்தாவை மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. டிசம்பர் 20 அன்று மட்காவ் ஃபடோர்டாவில் கோவா அணியோடு இறுதி. 87ஆம் நிமிஷத்தில் கோவா இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் போனது. பட்டாசு வாங்கி வைத்திருந்தவர் அதை உள்ளே கொண்டுபோய் வைத்தாராம். 90ஆம் நிமிஷம் கோவா கோலியின் கையிலேயே பட்டுப் பந்து வலைக்குள் விழுந்தது. இரண்டு நிமிஷம் கழித்து மெண்டோசா மூன்றாவதைப் போட்டார். கோவாக்காரர்கள் அழுதார்கள், நமக்குக் கோப்பை.

எதிரணி கோலியின் கையில் பட்டு உள்ளே போன பந்தைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். ஒரே வார்த்தை. "எண்ணெ."

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு அணியோடு இறுதி. ஒன்பதாம் நிமிஷமே சுனில் சேத்ரி தலையால் முட்டிப் போட்டுவிட்டார். நம் பக்கம் மாயில்சன் ஆல்வ்ஸ் என்ற பிரேசில் டிஃபெண்டர் கார்னரில் ஏறி வந்து இரண்டு தடவை தலையால் முட்டினார், ரஃபேல் அகுஸ்டோ மூன்றாவதை அடித்தார். மூன்றுக்கு இரண்டு. அந்த அணியின் நடுக்களத்தில் வியாசர்பாடி தனபால் கணேஷ் இருந்தார் என்பது கடை வாசலில் தனி சந்தோஷம். மூன்றாவது இறுதி 2020 மார்ச் 14. மறுபடி கோவாவில். கொரோனா வந்துவிட்டதால் மைதானத்தில் ஆளே இல்லை. எதிராளி ஊராரும் இல்லை, கூச்சலும் இல்லை. மூன்றுக்கு ஒன்று என்று கொல்கத்தாவிடம் தோற்றார்கள். என்னைக் கேட்டால், திட்டுவதற்கு ஆள் இருந்தால்தான் இந்த அணி ஆடும். இதைச் சொன்னபோது பேரன் போனில் பழைய புள்ளிவிவரங்களைத் தேடினான். மாமா தேடவில்லை. "கோப்பை வேற, மேட்ச் வேற" என்றார். இதற்குப் பதில் சொல்ல எந்தப் புள்ளிவிவரம் இருக்கிறது?

இனி 2024 நவம்பர் 24. ஞாயிற்றுக்கிழமை, கொச்சி. கேரளா தொடர்ந்து மூன்று மேட்ச் தோற்று நொந்து கிடந்தது. நாங்களோ அதே மாதத் தொடக்கத்தில் ஜாம்ஷெட்பூருக்கே போய் அஞ்சுக்கு ஒன்று என்று வெளுத்துவிட்டு வந்திருந்தோம். கடை வாசலில் நாற்காலி போதாமல் பக்கத்து பேக்கரியிலிருந்து வாங்கிப் போட்டிருந்தார்கள். முதல் பாதி கோல் இல்லை. இரண்டாம் பாதியில் கேரளாவின் ஜிமெனெஸ் ஒன்று, நோவா சதாவி ஒன்று, கடைசி நிமிஷங்களில் ராகுல் ஒன்று. மூன்றுக்குப் பூஜ்யம். பத்து வருஷத்துக்குப் பிறகு அதே ஊரில் அதே கணக்கு.

திரையை அணைத்ததும் விசாரணை. செல்போன் கடைத் தம்பி நாற்காலிகளை ஃபார்மேஷனில் அடுக்கினான். "செகண்ட் ஹாஃப்ல கோச் கோய்ல் லைனை மேல ஏத்திட்டாரு மாமா. நடுவுல டபுள் பிவட்டுக்கும் சென்டர் பேக்குக்கும் இடையில எவ்ளோ கேப் பாருங்க. ட்ரான்சிஷன்ல அங்கதான் அடிச்சான்." பேக்கரி நாற்காலி ஒன்று ரயன் எட்வர்ட்ஸ், இன்னொன்று கானர் ஷீல்ட்ஸ். பேரன் எக்ஸ்ஜி எண்ணைப் படித்துக் காட்டினான். ஒன்றும் பேசாமல் இருந்த மாமா, எழுந்து போய் லெஃப்ட் பேக் நாற்காலியைக் கையில் தூக்கினார்.

"இவன் மேல போயிட்டா யாருடா திரும்பி வர்றது?"

"ஓவர்லாப் மாமா. போகத்தான் வேணும்."

"போவட்டும். வர வேணாமா? நம்ம காலத்துலயும் லெஃப்ட் பேக்குதான் கோளாறு. முன்னால நிக்கறவன் மூணு பேரும் கீழ எறங்க மாட்டான். கோலி தனியா நிப்பான்."

நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று மேட்சையே பார்க்காமல் காரணம் சொன்னார்கள். இன்று ஒவ்வொரு கோலையும் நாலு கோணத்தில், மெதுவாக ஓடவிட்டு, நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அதே காரணத்தைச் சொல்கிறார்கள். லெஃப்ட் பேக் ஏறிப் போனான். ஃபார்வர்டு இறங்கி வரவில்லை. கோலி தனியாக நின்றான். நடுவில் நாற்பது வருஷ விஞ்ஞானம் வந்து, டீ ஆறுவதற்குள் போய்விட்டது. எனக்கு இதில் வருத்தமில்லை. எண்ணெயை மட்டும் காணோமே என்று இருந்தது. மூன்றாவது கோலைத் திரும்பப் போட்டபோது மாமா திரைக்கு ரொம்பக் கிட்டப் போய், கோலியின் கையுறையை உற்றுப் பார்த்தார். "இப்பல்லாம் கிளவுஸ் போட்டுடறான்" என்று மட்டும் சொன்னார்.

2025 ஜனவரி 30 அன்று அதே கேரளா சென்னைக்கு வந்தபோது, திரையில் பார்த்தது போதும், நேரில் போய் ஒரு தோல்வியைப் பார்ப்போம் என்று வேன் பிடித்தார்கள். விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு. அந்தப் பக்கம் நெரிசலில் நின்ற நேரத்தில் ஒரு மேட்சே ஆடி முடித்திருக்கலாம். மூன்றாம் நிமிஷமே ஜிமெனெஸ் கோல் போட்டார். முதல் பாதியிலேயே நம் வில்மர் ஜோர்டான் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். ஒன்றுக்கு மூன்று. நம் ஊர் என்று பெயர், காலரியில் மஞ்சளும் நீலமும் கலந்து உட்கார்ந்திருந்தது. திரும்பும் வழியில் வேன் டிரைவருக்குத் தூக்கம் வந்துவிட்டதால் பாதிப் பேர் கிளாம்பாக்கத்தில் இறங்கி பஸ் பிடித்தோம். விடியற்காலை மூன்று மணிக்குப் பண்ருட்டி. எல்லாரும் முன்வாசல் வழியாகவே இறங்கினோம், எங்களைக் கவனிக்க ஒரு நாயைத் தவிர யாருமில்லை. சீசன் முடிவில் 13 அணிகளில் 11ஆம் இடம். பல வாரங்களுக்குப் பேச்சுத் தீனி.

2018-19 சீசனை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கோப்பை வாங்கிய அணி அடுத்த வருஷமே கடைசி இடத்துக்கு வந்தது. 18 மேட்சில் இரண்டு ஜெயம், 13 தோல்வி, 9 புள்ளி. கடை வாசல் அவ்வளவு களைகட்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்கிறார்கள். அதே சீசனில், 2019 மார்ச் 9 அன்று, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் பட்டத்தை வாங்கியது. ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி, நாட்டின் பழம்பெரும் கிளப்புகள் இருந்த லீகில் முதலிடம். மே மாதம் சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸை ஜெயித்து இந்தியப் பெண்கள் லீக் சாம்பியன் ஆனது. ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டுக்கு இரண்டு தேசியப் பட்டம். கடை வாசலில் அந்த இரண்டைப் பற்றியும் யாராவது பேசினார்களா என்று விசாரித்தேன். தம்பி யோசித்துப் பார்த்தான். "ஜெயிச்சதப் பத்தி இன்னா மாமா பேசறது?" என்றான்.

நியாயம்தான். ஜெயத்தில் ஓட்டை இருக்காது, விரலை எங்கே வைப்பது?

2018 பிப்ரவரியில் நடந்ததைத் தம்பிதான் எனக்குச் சொன்னான், அவனுக்கு அது வேடிக்கையான கதை. முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கும் அக்கா ஒருத்தி ரீசார்ஜ் செய்ய வந்தாள். தோல் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன கை. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்பு. ரூபாயை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி நின்றாளாம்.

"எம்பொண்ணு கடலூர் ஆஸ்டல்ல பந்து வெளையாடுதுப்பா. அது கூட இருந்த பெரிய பொண்ணுங்கள்லாம் ஒடிசாவுல ஆடறாங்களாம். போன்ல வருமா?"

"லேடீஸ் மேட்சா? வராதுக்கா. தோத்துட்டாங்களா?"

"ஜெயிச்சிட்டாங்களாம். கோப்பையாம்."

"ஓ" என்று சொல்லிவிட்டு ரீசார்ஜ் போட்டானாம். நாற்காலியில் அப்போது லெஃப்ட் பேக் விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டாக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியின் இறுதி அது. தமிழ்நாடு இரண்டுக்கு ஒன்று என்று மணிப்பூரை ஜெயித்தது. மணிப்பூர் என்றால் அந்தக் கோப்பையைத் திரும்பத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போன அணி. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் தடவை. அந்த அணியின் நடுக்களத்தில் கடலூர் இந்துமதி கதிரேசன். பிறகு இந்தியாவுக்காக ஆடியவர், காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர், கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் நின்று பணி பார்த்தவர். அதே மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதன் சேது எஃப்.சி.க்கும் இந்தியாவுக்கும் ஃபார்வர்டாக ஆடியவர். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து பழக்கினார். கடலில் வீட்டையும் உறவையும் விட்டவர்களும் அதில் உண்டு. எங்கள் கணக்குப்பிள்ளை எதிர்க்காற்று என்று பழி போட்ட அதே கடலூர்க் காற்றில் ஓடிப் பழகிய கால்கள், வெளியூர் போய்க் கோப்பையோடு வந்தன. 2023இல் அமிர்தசரஸ் போய் ஹரியானாவை ஜெயித்துத் தமிழ்நாடு இரண்டாவது தடவையும் வாங்கியது.

இதையெல்லாம் ஒரு நாள் கடை வாசலில் எடுத்துச் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். மாமா தலையை ஆட்டினார். "நம்ம கடலூரா? பரவால்லையே" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் புள்ளைங்க டீம்ல வீக்னெஸ் இன்னா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று.

2025 ஆகஸ்டில் வந்த செய்திதான் கடையை நிஜமாக உலுக்கியது. லீகை நடத்துகிற ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க வழி தெரியவில்லை, சீசன் எப்போது தொடங்கும் என்று சொல்வாரில்லை. சென்னையின் எஃப்.சி. முதல் அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது. செப்டம்பர் போயிற்று, தீபாவளி போயிற்று, திரையில் பழைய சினிமா ஓடியது. மாமா தினமும் வந்து உட்கார்ந்தார். சண்டை போடத் தோல்வி இல்லாமல் ஆட்கள் இளைத்துப்போனார்கள். ஒரு நாள் பேரன் பொறுக்க முடியாமல் 2014 அரையிறுதியைத் தேடி எடுத்துப் போட்டான். பதினொரு வருஷம் பழைய மேட்சுக்குப் புதுக் காரணங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பியர்சன் கோல் போட்டபோது, முடிவு தெரிந்திருந்தும், மாமா "அடச்சே" என்று தொடையில் அடித்துக்கொண்டார்.

பொங்கலுக்கு முன்பு ஒரு வழியாக அறிவிப்பு வந்தது. 2026 பிப்ரவரி 14இல் லீக் தொடங்கும், 14 அணி, மொத்தம் 91 மேட்ச். தம்பி கடைக்குள்ளிருந்து கத்தினான், நாற்காலிகள் மறுபடி வெளியே வந்தன. கொண்டாட்டம் கொஞ்ச நேரம்தான். பேரன் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒரு டீமோட ஒரு தடவைதான். நமக்கு மொத்தம் 13 மேட்ச்."

"அதுல வெளியூரு?"

"ஆறோ ஏழோ."

மாமா முகம் வாடிவிட்டது. விரல் விட்டு எண்ணினார், பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே.

"எல்லாத்துலயும் தோத்தாக்கூட ஏழு தோல்விதான்டா. ஒண்ணொண்ணையும் ரெண்டு வாரத்துக்கு வச்சிப் பேசணும். இப்பவே சொல்லிட்டேன், லெஃப்ட் பேக் விஷயத்த எவனும் மொத மேட்சுலயே எடுக்கக் கூடாது."